வண்டியில் எத்தனை பேர்?

போன வாரம் முந்தல் சோதனைச் சாவடியில், நான் போய்க்கொண்டிருந்த ஜீப்பை நிறுத்தினார்கள். காலை நேரம். போடியிலிருந்து மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிற கூட்டம் வண்டிக்குள் இருந்தது. புது பிளாஸ்டிக் படுதாவின் வாசனை, தூக்குவாளிக்குள் புளிச்சோறு, யாரோ நெற்றியில் தேய்த்திருந்த தைலம் எல்லாம் ஒன்றாகக் குழைந்து மூக்கில் ஏறிக்கொண்டிருந்தன. இளவயதுக் காவலர் ஒருவர் ஜன்னல் பக்கம் குனிந்து, "வண்டியில எத்தனை பேரு?" என்று கேட்டார். டிரைவர் பின்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பத்து சார்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காவலர் என்னை முறைத்தார். சிரிப்பை அப்படியே தும்மலாக்கி மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அவரிடம் எப்படிச் சொல்வது? இதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். அதுவும் சும்மா இல்லை, ஒரு நாட்டின் எதிர்க்கட்சிக் கொறடா என்கிற முறையில்.

நாடு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த நாடு போனுக்குள் இருந்தது. பெயர் தென்மேகம். மதுரைப் பக்கம் சட்டம் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சிலர் பொழுதுபோகாமல் இணையத்தில் ஒரு தளம் தொடங்கி, அதில் ஒரு நாட்டை உண்டாக்கியிருந்தார்கள். கையால் வரைந்த வரைபடம் ஒன்று உண்டு. ஒரு மலை, இரண்டு ஆறு, ஒரு துறைமுகம். அரசியல் சாசனம் உண்டு. மலைக் கட்சி, கடல் கட்சி என்று இரண்டு கட்சிகள். சட்டமன்றம் நடக்கும், பட்ஜெட் போடுவார்கள், அரசு கவிழும். எல்லாம் எழுத்தில்தான். யாரும் யாருடைய முகத்தையும் பார்த்ததில்லை. குவைத்தில் வேலை பார்ப்பவர், தூத்துக்குடியில் உப்பு வியாபாரம் செய்பவர், ஈரோட்டில் ஒரு டீச்சர், இப்படி நாற்பது ஐம்பது பேர் குடிமக்கள். இத்தனையையும் கட்டி மேய்க்கிறவருக்குப் பதிவாளர் என்று பெயர். அவர் ஆணா பெண்ணா என்பதுகூட எங்களுக்குக் கடைசிவரை தெரியாது.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தைவிட்டு ஓடி வந்தவன். திருப்பூரில் பனியன் மடித்தேன், மூணாறில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன், இரண்டு இடத்திலும் சம்பளம் வாங்காமலே கிளம்பினேன். கால் ஓர் இடத்தில் நிற்காது. அந்தச் சமயத்தில் பூப்பாறைக்கு அந்தப் பக்கம் ஓர் எஸ்டேட்டில், பறித்த ஏலக்காயை உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்புக்கு விறகு போடும் வேலையில் இருந்தேன். விறகு போட்டுவிட்டு அது எரியும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்துதான் போனில் தமிழில் தட்டச்சு செய்யப் பழகினேன். ஸ்டோர் மேட்டில் கேரளாக்காரன் சிக்னல் ஒரு கோடு வரும், வந்த வேகத்தில் போய்விடும். அந்த ஒரு கோட்டில்தான் நான் நாட்டுக்குள் நுழைந்தேன். மலைக் கட்சியில் பதவி எதுவும் காலி இல்லை என்றார்கள். கடல் கட்சியில் கொறடா பதவி காலியாக இருந்தது. அதற்கு முன் நான் கடலைப் பார்த்ததில்லை, கொறடா என்றால் என்னவென்றும் தெரியாது. இரண்டும் அங்கே தடையாக இல்லை.

மலைக் கட்சியில் இருந்தவர் பாண்டியண்ணன். எங்கள் எஸ்டேட்டுக்குப் போடியிலிருந்து ஆள் ஏற்றி வருகிற ஜீப்பின் டிரைவர். காலையில் பெண்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுச் சாயங்காலம் கொண்டுபோவார். இடைப்பட்ட நேரத்தில் ஸ்டோருக்கு வந்து என் அடுப்பில் குளிர் காய்வார். நான் போனில் சிரிப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன். "எனக்கும் ஒரு எடம் போட்டுக் குடு அப்பு, சும்மாதான இருக்கேன்" என்றார். இப்படித்தான் அவரும் குடிமகன் ஆனார்.

ஒரே ஒரு சிக்கல். அவருக்கு வாசிக்க வரும், தட்டச்சு வராது. ஸ்டியரிங் பிடித்துப் பருத்த விரல். ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழும். ஆகவே அவர் சொல்வார், நான் அவர் போனில் அடிப்பேன். காலையில் என் போனில் மலைக் கட்சியைக் கிழிகிழியென்று கிழித்து எழுதுவேன். மத்தியானம் அதே அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல, என்னையே திட்டி எழுதுவேன். "அந்தக் கொறடாவுக்கு மலையப் பத்தி என்ன தெரியும்னு போடு" என்பார். போடுவேன். அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றியதில்லை. அது என் தொழில் தர்மம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் இல்லாத தொழில் என்பதால் தர்மத்தைக் காப்பாற்றுவது சுலபமாக இருந்தது.

சட்டமன்றத்தில் யாரும் அவரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 'ஜீப்பு என்ன சொல்கிறார்?' என்றுதான் கேட்பார்கள். ஆள் ஒரு சட்டம் கொண்டுவருகிறவரைக்கும் அப்படித்தான். மலைச்சாலையில் ஒரு வண்டியில் பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடாது, ஏற்றினால் டிரைவரின் லைசென்ஸ் பறிக்கப்படும். அவ்வளவுதான் சட்டம். ஆனால் அதற்கு அவர் பேசிய பேச்சு இருக்கிறதே, அதை அடித்து முடிப்பதற்குள் என் கட்டை விரல் மரத்துப்போனது. அவருடைய சிநேகிதர் ஒருவரின் ஜீப்பு ஒரு மழைநாளில் ஆட்களோடு பள்ளத்தில் இறங்கிவிட்டது. கயிறு கட்டி முதலில் கீழே போனவர்களில் பாண்டியண்ணனும் ஒருவர். அதைப் பற்றி அவர் வாயைத் திறக்கமாட்டார். சட்டமன்றப் பேச்சிலும் அதைச் சொல்லவில்லை. பிரேக், டயர், வளைவு, மழை, லோடு என்று மட்டும்தான் பேசினார். கேட்டவர்களுக்குப் புரிந்தது. சட்டம் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. கடல் கட்சியும் ஆதரித்தது. கொறடா என்ற முறையில் உத்தரவு போட்டதே நான்தான்.

அதற்குப் பிறகு முதல்வர் தேர்தல் வந்தபோது மலைக் கட்சி அவரையே நிறுத்தியது. எதிரே எங்கள் கட்சியின் ஈரோட்டு டீச்சர். பாண்டியண்ணனுக்கு உள்ளூர ஆசை தாங்கவில்லை. அதற்கு முன் எதிலும் ஜெயித்த ஆள் இல்லை அவர். ஜீப் ஓட்டுநர் சங்கத்தில் பொருளாளருக்கு நின்று, டீக்கடையில் கிளம்பிய ஒரு புரளியால் தோற்றவர். "நம்ம ஆளு ஒருத்தன் ஒரு நாட்டுக்கு முதல்வர்னா சும்மாவா அப்பு" என்று தன்னையே மூன்றாம் மனிதர்போலச் சொல்லிக்கொள்வார். புதுச் சட்டை எடுத்தார். யார் பார்க்கப்போகிறார்கள் என்று நான் கேட்டதற்கு, "நான் பாப்பேன்ல" என்றார்.

தென்மேகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேட்பாளர் கூண்டேற வேண்டும். குறித்த நாளில், குறித்த நேரத்தில், குடிமக்கள் யார் வேண்டுமானாலும் அவரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஒவ்வொரு கேள்விக்கும் பத்து நிமிடத்துக்குள் பதில் வந்தாக வேண்டும். வராவிட்டால் போட்டியிலிருந்து விலகியதாகப் பொருள். பாண்டியண்ணனுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூண்டு. அன்று நேரத்தோடு இறங்கிவிடலாம், போடி ஸ்டாண்டில் டீயைக் குடித்துக்கொண்டே பதில் சொல்லலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். நானும் வாரக்கடைசி என்பதால் அதே வண்டியில் இறங்குவதாக இருந்தது.

அன்று பார்த்து மழை. காய் நிறுவை தாமதமானது. பெண்கள் நனைந்த படுதாவோடு வந்து ஏறினார்கள். எஸ்டேட் லயக் குடியிருப்பிலிருந்து ரேவதி என்கிற பெண் பச்சைக் குழந்தையோடு போடிக்கு அம்மா வீட்டுக்குப் போக நின்றாள். அவளையும் ஏற்றினோம். மலையுச்சி மெட்டைத் தாண்டும்போதே மணி ஐந்தை நெருங்கிவிட்டது. பாண்டியண்ணன் டவர் வளைவில் ஓரங்கட்டினார்.

டவர் வளைவு என்றால் அங்கே டவர் இருந்தது என்று நினைக்காதீர்கள். அந்த வளைவில் நின்றால் கீழே போடி முழுவதும் தெரியும். தென்னந்தோப்புகள், கண்மாய், ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துக் கட்டடங்கள், அப்பால் தேவாரம்வரைக்கும் நீண்டு கிடக்கிற வயல்கள். ஊர் தெரிகிற இடத்தில் ஊரின் சிக்னலும் கிடைத்தது. அதற்கு மேலே எல்லாம் கேரளாவின் சிக்னல், பேசினால் காசு பறந்துவிடும். ஆகவே சாயங்காலம் இறங்குகிற எல்லா ஜீப்புகளும் அங்கே ஒரு நிறுத்தம் நிற்கும். பிரேக் சூடு ஆறட்டும் என்பது பேருக்குச் சொல்கிற காரணம். ஒரு வண்டிக்கு இரண்டு போன் இருந்தால் அதிகம். அது கைமாறிக் கைமாறிப் போகும். ஒவ்வொருத்தியும் வீட்டுக்கு ஒரே பேச்சுத்தான் பேசுவாள். "வர்றேன், உலைய வையி." பச்சை ஏலக்காய்ப் பால் பட்டுக் கறுத்த விரல்கள் அந்தப் போனைப் பிடித்துப் பிடித்து, போனே ஏலக்காய் மணக்கும். அப்படி மணந்த போன் ஒன்று என்னிடம் வெகுகாலம் இருந்தது. கண்ணாடி உடைந்தும் நான் அதைத் தூக்கிப் போடவில்லை.

அன்று உலை வைக்கச் சொல்லி முடித்தும் வண்டி கிளம்பவில்லை. பேச்சியக்கா பின்னாலிருந்து குரல் கொடுத்தார். ஜீப்பு கூட்டத்துக்கு அவர்தான் தலைவி மாதிரி. மேஸ்திரியையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள்.

"ஏப்பா பாண்டி, தேவாரம் பஸ்சு போயிரும்ப்பா. வெரசா எடு."

"கொஞ்சம் பொறுங்க ஆத்தா. முக்கியமான சோலி."

"என்ன சோலி?"

பாண்டியண்ணன் வெட்கப்பட்டார். நான்தான் சொன்னேன், அண்ணன் முதல்வருக்கு நிற்கிறார் என்று. வண்டிக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். போன முறை ஊராட்சித் தேர்தலில் தன் தெருவுக்குக் குழாய் வராததைப் பற்றி ஒருத்தி பிடித்துக்கொண்டாள். ஜாதிச் சான்றிதழ் வாங்கித் தர முடியுமா என்று இன்னொருத்தி. இது அந்தத் தேர்தல் இல்லை, போனுக்குள் இருக்கிற நாடு, வெறும் விளையாட்டு என்று நான் விளக்கினேன். பேச்சியக்கா கேட்டுவிட்டு, "வெளையாட்டுக்கா புதுச்சட்ட போட்ருக்கான்?" என்றார்.

கூண்டு தொடங்கியது. நான் முன்சீட்டில் இரண்டு போனோடு உட்கார்ந்திருந்தேன். வலக்கையில் வேட்பாளர், இடக்கையில் எதிர்க்கட்சி. வருகிற கேள்வியைச் சத்தமாக வாசிப்பேன், அண்ணன் சொல்வார், நான் அடிப்பேன். வாசிக்கிற சத்தத்தில் பெண்களும் கேட்டுக்கொண்டு வந்தார்கள். தூத்துக்குடிக்காரர் துறைமுகத்தைப் பற்றிக் கேட்டார். யானை வயலுக்குள் வந்தால் யார் பொறுப்பு என்று ஒருவர் கேட்டார். "யானைகிட்ட ஓட்டும் கேக்க முடியாது, வரியும் கேக்க முடியாது. அதுனால அரசாங்கந்தான் பொறுப்புன்னு போடு" என்றார் அண்ணன். பின்னால் கைதட்டினார்கள். தேவாரத்துப் பெண்கள் சற்று அதிகமாகவே தட்டினார்கள், அவர்கள் வாழையை மிதித்த யானை கண்முன் வந்திருக்கும். வேட்பாளர் எப்போது தட்டச்சு பழகுவார் என்று ஒரு குசும்பன் கேட்டான். "முதல்வரானா ஆள் வச்சுக்கிருவேன்" என்று பதில் போனது. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் கட்சியில் சோர்வு தட்டுவது எனக்கே தெரிந்தது. டீச்சர் தனிச்செய்தியில், 'கொறடா எங்கே? ஏதாவது கேளுங்கள்' என்று எழுதினார்.

அந்த நேரம் ஈரோட்டிலிருந்து வேறொருவர், அண்ணனின் பெரிய சாதனை எது என்று கேட்டார். அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சட்டத்தைச் சொன்னார். ஒரு வண்டிக்குப் பத்துப் பேர், அதற்கு மேல் ஒரு ஆள் ஏறினாலும் லைசென்ஸ் காலி. நான் அதை அடித்து முடிக்கவில்லை, பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. பேச்சியக்காதான். அவர் மடியில் ஒருத்தியும் தோளில் ஒருத்தியுமாக நசுங்கி உட்கார்ந்திருந்தார். சிரிக்க இடமில்லாமல் சிரித்தார்.

"தம்பி, நீ எதிர்க்கட்சின்னுதான சொன்ன? வண்டியில எத்தனை பேருன்னு கேளு."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இடக்கைப் போனில் டீச்சரின் செய்தி இன்னும் கிடந்தது. கொறடாவின் வேலை அதுதானே? அடித்தேன். 'வேட்பாளர் இப்போது ஓட்டிவரும் வண்டியில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?' பிறகு அதை, எங்கிருந்தோ வந்த கேள்விபோல, சத்தமாக வாசித்தேன்.

"எவன்டா அவன்?" என்றார் அண்ணன், என் மூஞ்சியைப் பார்த்தே.

"கடல் கட்சிக் கொறடாண்ணே."

"அவனுக்கு மலையப் பத்தி என்ன தெரியும்?" என்றார் வழக்கம்போல. ஆனால் குரலில் சுரத்து இல்லை.

நிமிடங்கள் போயின. அவர் கட்சிக்காரர் குவைத்திலிருந்து தனிச்செய்தி அனுப்பினார். அதையும் வாசித்தேன். 'பத்துன்னு போடுங்க. யார் வந்து பார்க்கப்போறா? சட்டமும் நிக்கும், நீங்களும் ஜெயிச்சிரலாம்.' சரியான யோசனைதான். அந்த நாட்டில் யாராலும் அந்த ஜீப்பைப் பார்க்க முடியாது. நான் ஒருவன்தான் இரண்டு பக்கமும் இருந்தேன், நானும் அவர் சொல்வதைத்தான் அடிக்கப்போகிறவன். என் விரல் எழுத்துப் பலகைமேல் நின்றது. அவர் பத்து என்று சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது, சொல்லிவிடக் கூடாதே என்றும் தோன்றியது.

"எத்தனைண்ணே?" என்றேன்.

"எனக்குத் தெரியாது அப்பு."

"தெரியாதா?"

"ஏத்துறப்ப எண்ண மாட்டேன். எண்ணுனா பயம் வந்துரும்."

ரேவதி குழந்தையை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள். அண்ணன் கதவைத் திறந்து இறங்கினார். மழை விட்டிருந்தது. தடுப்புச் சுவரோரம் போய் நின்று, தன் வண்டியைத் தானே முதல் தடவை பார்க்கிறவர்போலப் பார்த்தார். பிறகு விரல் நீட்டி எண்ணத் தொடங்கினார். பின்படியில் நின்றவர்கள், சாய்ந்து கிடந்தவர்கள், மடியில் இருந்தவர்கள், முன்சீட்டில் நான். நடுவில் ஒருத்தி அசைந்துவிட்டதால் மறுபடி முதலிலிருந்து.

"பதினஞ்சு" என்றார்.

"நீ ஆரு, ஸ்டெப்னி டயரா? ஒன்னையும் சேரு" என்றார் பேச்சியக்கா.

"பதினாறு."

"கைக்குழந்தைய?"

"அதுக்கு இன்னும் பேரே வைக்கல அக்கா" என்றாள் ரேவதி, ஏதோ அதைக் காரணம் காட்டி அண்ணனைக் காப்பாற்றிவிடலாம் என்பதுபோல.

அண்ணன் குழந்தையைப் பார்த்தார். அது உலகத்தைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாமல் கொட்டாவி விட்டது. திரும்பி வந்து முன்சீட்டருகே நின்று, மெதுவாகத்தான் சொன்னார்.

"பதினேழுன்னு போடு. அங்க ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்ததில்ல அப்பு. எழுதுறதுதான் ஆளு. அதையும் பொய்யா எழுதுனா, அப்பறம் அங்க யாரு இருக்கா?"

போட்டேன். நேரம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. 'பதினேழு பேர். கைக்குழந்தையைச் சேர்த்து.'

அந்தப் பக்கம் தூத்துக்குடிக்காரர் பிடித்துக்கொண்டார். தான் போட்ட சட்டத்தைத் தானே மீறுகிறவர் முதல்வரா என்று. அது நியாயம்தான், எங்கள் கட்சிக்காரர் வேறு. கடைசியாகப் பதிவாளர், வழக்கமாக எதுவும் கேட்காதவர், ஒரு கேள்வி கேட்டார். 'உங்கள் சட்டப்படி மீதி ஏழு பேர் எப்படி வீட்டுக்குப் போவார்கள்?'

இதை வாசித்ததும் வண்டிக்குள் சட்டமன்றமே நடந்தது. எந்த ஏழு பேர் இறங்குவது என்று. வயதானவர்கள் இருக்கட்டும் என்றாள் ஒருத்தி. அப்போது யாருக்கும் வயதாகவில்லை என்று தெரிந்தது. பஸ் பிடிக்க வேண்டியவர்கள் இருக்கட்டும் என்றபோது எல்லோருக்கும் பஸ் இருந்தது. குண்டானவர்கள் இறங்கட்டும் என்று பின்படியிலிருந்து ஒரு குரல் வந்தது, அந்தக் குரலுக்கு யார் யாரோ கிள்ளுக் கொடுத்தார்கள். அண்ணன் சிரித்துவிட்டார். அந்தச் சாயங்காலத்தில் அவர் முதல் தடவை அடிவயிற்றிலிருந்து சிரித்தது அப்போதுதான். "தெரியலைன்னு போடு. யோசிக்கணும்னு போடு" என்றார்.

கூண்டேறிய யாரும் அதுவரை 'தெரியவில்லை' என்று எழுதியதில்லை. அவர் தோற்றார், மூன்று ஓட்டில். நான் யாருக்குப் போட்டேன் என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லமாட்டேன், ரகசிய வாக்கெடுப்பு.

தோற்றதற்கு அவர் வருந்தினாரா என்றால், ஒரு நாள் வருந்தினார். திங்கட்கிழமை பார்த்தால் நாட்டில் அவர் பெயரே மாறியிருந்தது. யாரும் ஜீப்பு என்று சொல்லவில்லை. 'பதினேழார் என்ன சொல்கிறார்?' என்று கேட்டார்கள். முதல்வரான டீச்சர் போக்குவரத்துத் துறையை அவருக்கே கொடுத்தார். அதற்கும் பதிலை நான்தான் அடித்தேன்.

வண்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒரு வாரம் இரண்டு நடையாக ஓட்டினார். டீசல் கட்டவில்லை. இரண்டாவது நடையில் வருகிறவர்கள் வீடு சேர இருட்டியது, முதல் நடையில் இடம் பிடிக்கக் குடுமிப்பிடிச் சண்டை. அடுத்த வாரம் பெண்களே, அவர் தடுக்கத் தடுக்க, பழையபடி ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்று மட்டும் மாறியது. கிளம்புமுன் அவர் இறங்கி நின்று சத்தமாக எண்ணுவார். எண்ணிவிட்டுப் பயந்துகொண்டே ஓட்டுவார். அப்படி மெதுவாகப் போகிற ஜீப்பு அந்தச் சாலையில் வேறு கிடையாது. மற்ற டிரைவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே முந்திப் போவார்கள்.

இதைவிடப் பெரிய மாற்றம் வேறொன்று. தோல்விச் செய்தியைக் கேட்டதும் பேச்சியக்கா, "எங்களுக்கு ஓட்டு இல்லையா?" என்று கேட்டார். குடிமக்களுக்குத்தான் என்றேன். "அப்ப எழுதிக்க எங்க பேர" என்றார். ஒரே போனிலிருந்து பல குடிமக்கள் வரலாமா என்று சாசனச் சிக்கல் எழுந்தது. பதிவாளர் இரண்டு நாள் யோசித்து, ஆள் வேறென்றால் சரி என்று தீர்ப்புச் சொன்னார். சனிக்கிழமைகளில் நானும் இறங்கும்போது, டவர் வளைவில் வண்டி நின்றதும் போன் கைமாறும். "உலைய வையி" என்று சொன்ன கையோடு, பட்ஜெட்டுக்கு ஆதரவா எதிர்ப்பா என்றும் சொல்லிவிட்டுத்தான் அடுத்தவளிடம் கொடுப்பார்கள். இவ்வளவு பேருக்கும் தட்டச்சு நான்தான். நாடு அப்படிக் கலகலவென்று இருந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ரேவதியின் குழந்தைக்கு எங்கள் வரைபடத்து ஆற்றின் பெயரையே வைத்தார்கள், வைகறை என்று. பெயர் வைத்த அன்றே அதையும் குடிமகளாகப் பதிந்தோம், அதன் ஓட்டை ரேவதி சொல்வாள்.

அடுத்த தேர்தலில் கூண்டேறியது பேச்சியக்கா. இடம் அதே வளைவு. இந்தத் தடவை கேள்வி கேட்டவர் பாண்டியண்ணன், ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி. முதல்வரானால் செய்யப்போகிற முதல் காரியம் என்ன என்று கேட்டார். ஆறு, துறைமுகம், ரயில் என்று ஏதாவது சொல்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"இந்த வளைவுல பொம்பளைக ஒதுங்க ஒரு மறப்பு" என்றார் பேச்சியக்கா. "கதவோட."

ஜெயித்துவிட்டார். பதிவாளர் வரைபடத்தைத் திறந்து, மலைச்சாலை திரும்புகிற இடத்தில் சின்னதாக ஒரு வீடு வரைந்தார். கதவும் வரைந்தார். வண்டியில் இருந்த எல்லோரும் அந்தப் போனை வாங்கி, அந்தத் துளி வீட்டை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு வழக்கம்போல் கால் அரித்தது. கோயம்புத்தூர், ராணிப்பேட்டை, நடுவில் ஒரு தடவை கடலையும் பார்த்தேன், கட்சியில் சேர்ந்த நாளில் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு நாள் தளத்தைத் திறந்தால் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. படித்த பிள்ளைகள் வேலைக்குப் போயிருப்பார்கள். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. குடிமக்கள் யாருடைய நிஜப் பெயரும் என்னிடம் இல்லை. ஒரு நாடு முடிந்துபோனதற்கு அங்கே யாரும் அழுத சத்தம் கேட்கவில்லை. பாண்டியண்ணன் இப்போது போடியில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். காலையில் அவர் தெருவில் போனால், பிள்ளைகளை நிற்க வைத்து எண்ணுகிற சத்தம் இரண்டு தெருவுக்குக் கேட்கும். வைகறையும் அந்த வேனில்தான் போகிறாள். அவளிடம், நீ ஓட்டுப் போட்டிருக்கிறாய் என்று அவர் சொல்ல, அவள் நம்பவில்லையாம்.

போன வாரக் கதைக்கு வருகிறேன். காவலர் வண்டியின் பக்கவாட்டில் தட்டி அனுப்பிவிட்டார். ஜீப்பு மலையேறத் தொடங்கியது. நான் முன்சீட்டிலிருந்து எண்ணினேன். இப்போது பாதிக்குமேல் ஆண்கள், வடக்கிலிருந்து வந்தவர்கள். எல்லோர் கையிலும் ஒரு போன், எல்லா வளைவிலும் சிக்னல். டவர் வளைவு வந்தது. சாலையை அகலப்படுத்தி இரும்புத் தடுப்பு போட்டிருக்கிறார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் மறைப்பும் இல்லை, கதவும் இல்லை, செடிதான். வண்டி வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. இங்கே நிற்க வேண்டும் என்று ஒரு காலத்தில் காரணம் இருந்ததே இந்த டிரைவருக்குத் தெரியாது.

எண்ணி முடித்துவிட்டேன். எத்தனை என்று சரியாகத் தெரியும், என்னையும் டிரைவரையும் சேர்த்து. போன் கையில்தான் இருந்தது, சிக்னல் முழுதாக. யாராவது கேட்டிருந்தால் உடனே அடித்து அனுப்பியிருப்பேன். கேட்பதற்குத்தான் அந்த நாடு இல்லை.